தீப்பிடித்தால் வரும் கடிதம்

காரை ஓட்டாதீர்கள், நின்ற இடத்திலேயே விட்டுவையுங்கள், நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று 2014 பிப்ரவரியில் போர்ஷே நிறுவனம் தன் வாடிக்கையாளர்களிடம் சொன்னது. கார், அப்போது புதிதாக வந்திருந்த 911 ஜிடி3. எஞ்சின் 3.8 லிட்டர், 475 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை போகும். ஐரோப்பாவில் இரண்டு ஜிடி3 கார்கள் தீக்கிரையாகியிருந்தன. உலகம் முழுக்க அந்தப் புது மாடலில் 785 கார்கள். அடுத்த மாதமே காரணம் தெரிந்துவிட்டது. பிஸ்டனையும் கிராங்க் ஷாஃப்ட்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் போல்ட் தளர்ந்திருக்கிறது. தளர்ந்தது கிராங்க் கேஸை உடைக்க, வெளியே வந்த எண்ணெய் பற்றிக்கொண்டது. போல்ட்டை மட்டும் மாற்றிக் கணக்கை முடித்துக்கொள்ளவில்லை. 785 கார்களுக்கும் எஞ்சினையே புதிதாகப் போட்டுத் தருவதாக அறிவித்தார்கள்.

படிக்கிறவருக்கு அந்த நிறுவனத்தின் மேல் மரியாதை வரும். எனக்கும் வந்தது. அதே கையோடு இன்னொரு 911-இன் கதையையும் படித்ததால் அந்த மரியாதை அதிக நாள் நிற்கவில்லை.

அது 996 என்று எண்ணிட்டு அழைக்கப்படும் 911. 1997-இல் வந்தது. அதுவரை காற்றால் குளிர்ந்துகொண்டிருந்த 911 எஞ்சின் முதல்முறையாகத் தண்ணீருக்கு மாறியது அதில்தான். இன்று பழைய கார் சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் 911 பெரும்பாலும் அதுதான். இந்தக் காரை வாங்கும் வசதி எனக்குக் கிடையாது. வாங்கப் போகிறவர்களின் கவலையைப் படிப்பதில் எனக்கொரு ருசி, அவ்வளவுதான். ஜாதகம் பார்ப்பவன் பெண்ணின் முகத்தைக்கூடப் பார்க்காமல் எட்டாமிடத்தையே உற்றுப் பார்ப்பதுபோல, 996 வாங்க வருகிறவர் காரின் வடிவத்தையோ உள்ளே இருக்கும் தோல் இருக்கையையோ பார்ப்பதில்லை. முதலில் கேட்பது ஒரு பேரிங்கைப் பற்றி.

அந்த எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் கேம் ஷாஃப்ட்டுகளுக்கும் நடுவே இடைத்தண்டு ஒன்று இருக்கிறது. கிராங்க் ஷாஃப்ட் செயின் மூலம் அதைச் சுழற்றும். அது இரண்டு பக்கத்துக் கேம் ஷாஃப்ட்டுகளையும் வேறு செயின்கள் மூலம் சுழற்றும். வால்வுகள் எப்போது திறக்கும், எப்போது மூடும் என்பதெல்லாம் அந்தத் தண்டு நேராகச் சுற்றுவதைப் பொறுத்தது. தண்டின் ஒரு முனையை, ஃப்ளைவீல் பக்கம், தாங்குவது ஒரு பால் பேரிங். இடைத்தண்டு 911-க்குப் புதிதல்ல. 1963 முதலே உண்டு. ஆனால் பழைய எஞ்சின்களில் அது அழுத்தத்தோடு வரும் எண்ணெய்ப் படலத்தின் மேல், சாதாரண புஷ் பேரிங்கில் சுற்றியது. 1997-இல் அதற்குப் பதிலாக, உள்ளே கிரீஸ் அடைத்து இருபுறமும் சீல் வைத்த பேரிங்கைப் போட்டார்கள். சீல் வைத்துவிட்டதால் எண்ணெய் தனியாகக் கொடுக்க வேண்டியதில்லை. அதற்கான துளை, வழி எதுவும் வேண்டாம். தயாரிப்புச் செலவு குறையும்.

பேரிங் இருக்கும் இடமோ சூடான எண்ணெய் தேங்கும் இடம். ஆண்டுகள் போகப் போக சீல் இறுகிவிடும். கிரீஸ் கரைந்து வெளியே போகும். எண்ணெய் உள்ளே வரும். வந்த எண்ணெய் வெளியேற வழி தெரியாமல் அங்கேயே கிடந்து கெடும். குண்டுகள் தேயும். தேய்ந்த உலோகத்தூள் எஞ்சின் முழுக்கச் சுற்றும். ஒருநாள் பேரிங் நொறுங்கித் தண்டு ஆட ஆரம்பித்தால் செயின் பல் தாண்டும், வால்வுகள் பிஸ்டன் தலையில் மோதும், எஞ்சின் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். புது எஞ்சின் போடும் செலவு சில நேரம் காரின் சந்தை விலையையே தொட்டுவிடும்.

இந்தப் பேரிங்குக்காக 996 ஒருபோதும் ரீகால் செய்யப்படவில்லை, அதாவது சரிசெய்து தர நிறுவனம் காரைத் திரும்ப அழைக்கவில்லை. அமெரிக்க உரிமையாளர்கள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2013-இல் சமரசம் ஏற்பட்டது. 2001 மே மாதத்துக்கும் 2005 பிப்ரவரிக்கும் இடையில் செய்த கார்கள், அதாவது ஒற்றை வரிசைக் குண்டு பேரிங் போட்டவை மட்டும், அந்தச் சமரசத்துக்குள் வந்தன. ஒற்றை வரிசைப் பேரிங்கில் 8 முதல் 10 சதவீதம் வரை பழுதாகின்றன, அதற்கு முந்தைய இரட்டை வரிசையில் 1 சதவீதம்கூட இல்லை என்பது அந்த வழக்கை ஒட்டிப் பேசப்பட்ட கணக்கு. நூற்றுக்குப் பத்து எஞ்சின் என்பது அரிசி மூட்டையில் கல் கிடக்கிற விகிதம் இல்லை, மிக அதிகம். ஆனாலும் நிறுத்திவையுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று யாரும் சொல்லவில்லை. 785 கார்களில் இரண்டு எரிந்ததற்கு எல்லா எஞ்சினும் மாறியது. இங்கே எஞ்சின்கள் எரியாமல் செத்தன. அதுதான் வித்தியாசம்.

இந்த வித்தியாசத்தை நிறுவனத்தின் கள்ளத்தனம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ரீகால் என்ற சட்டமே அப்படித்தான் பிறந்தது. அதன் பிறப்பிலும் பின்பக்கம் எஞ்சின் வைத்த, ஆறு சிலிண்டர் படுக்கைவாட்டில் கிடக்கும், காற்றால் குளிரும் கார் ஒன்று இருக்கிறது என்பது 911 ரசிகர்கள் அதிகம் பேசாத விஷயம். செவர்லே 1960 மாடலாகக் கொண்டுவந்த கோர்வேர்தான் அது. அதன் பின்சக்கரங்கள் ஊஞ்சல்போல் தொங்கும் அச்சுகளில் இருந்தன. வேகமாகத் திரும்பும்போது பின்சக்கரம் உள்ளே மடங்கி, வண்டி கட்டுப்பாட்டை இழக்கும் வாய்ப்பு உண்டு. இதற்கு நிறுவனம் கண்ட மருந்து டயர் காற்றில் இருந்தது: முன்டயருக்கு 15, பின்டயருக்கு 26 பவுண்டு. நாலு டயருக்கும் ஒரே அளவில் காற்றடிப்பதுதான் பெட்ரோல் பங்க்கில் வழக்கம். குடும்பத்தின் உயிர் பங்க்குப் பையனின் கையில் இருந்த காற்றுக்குழாயில் தொங்கியது.

ரால்ஃப் நேடர் 1965-இல் எழுதிய ‘அன்சேஃப் அட் எனி ஸ்பீட்’ நூலின் முதல் அத்தியாயம் கோர்வேரைப் பற்றியது. எழுதியவரை வேவு பார்க்க, செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் தனியார் துப்பறிவாளர்களை ஏவியது வெளியே வந்து, 1966 மார்ச்சில் அந்நிறுவனத்தின் தலைவர் ஜேம்ஸ் ரோச் செனட் குழு முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஜான்சன் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். குறை என்று தெரிந்தால் உரிமையாளருக்கு அறிவிக்க வேண்டும் என்ற கடமை அங்கிருந்து தொடங்குகிறது. சட்டம் கவலைப்பட்டது விபத்தைப் பற்றி, சாவைப் பற்றி, காயத்தைப் பற்றி. வாங்கியவரின் பணம் வீணாவதைப் பற்றி அது கவலைப்படவில்லை. அதற்கு வாரண்டி இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது என்று விட்டுவிட்டது. புதுக் கார் வாங்குகிறவருக்கு வாரண்டி இருக்கிறதுதான். மூன்றாவது கையாக வாங்குகிறவருக்கு?

ஆனால் எரிவதற்கும் நிற்பதற்கும் நடுவிலுள்ள கோடு இயற்கை போட்ட கோடல்ல. நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எஞ்சின் திடீரென்று நின்றால் அதுவும் ஆபத்துதான். 2015 செப்டம்பரில் ஹூண்டாய் அமெரிக்காவில் சுமார் 4,70,000 சொனாட்டா கார்களை ரீகால் செய்தது. அவற்றின் தீட்டா 2 எஞ்சினில், கிராங்க் ஷாஃப்ட்டைக் கடைந்தபோது தங்கிய உலோகச் சிதறல் எண்ணெய் போகும் வழியை அடைத்து, பேரிங் தேய்ந்து, ஓடும்போதே எஞ்சின் நிற்கலாம் என்பது காரணம். பேரிங் தேய்கிறது, எஞ்சின் சாகிறது. சாராம்சத்தில் 996-இன் கதையேதான். ஆனால் அங்கே அது பாதுகாப்புக் குறை. கார்களின் எண்ணிக்கை பெரிது, எஞ்சின் தீப்பிடித்த புகார்களும் பின்னால் வந்தன, எல்லாவற்றுக்கும் மேலாக உள்ளே இருந்தே ஒருவர் பேசினார். கிம் குவாங்-ஹோ என்ற ஹூண்டாய் பொறியாளர் 2016-இல் அமெரிக்க அதிகாரிகளிடம் ஆவணங்களோடு போனார். 2021-இல் அமெரிக்க அரசு அவருக்கு 2 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் வெகுமதி கொடுத்தது. ஒரு பழுது பாதுகாப்புக் குறையாவதும் வெறும் துரதிர்ஷ்டமாக நின்றுபோவதும் பழுதின் தன்மையைப் பொறுத்தது மட்டுமில்லை. எத்தனை பேர் கத்தினார்கள், உள்ளே யார் வாய் திறந்தார்கள் என்பதையும் பொறுத்தது. சில ஆயிரம் வசதியானவர்கள் தங்கள் விளையாட்டுக் கார் நின்றுபோனதாகப் புலம்பினால் யாருக்கும் பெரிதாக இரக்கம் வருவதில்லை. எனக்கும் முதலில் வரவில்லை.

பழைய கார் வாங்குகிறவர் ரீகால் பட்டியலை மார்க் ஷீட்போலப் படிக்கிறார். ஏழு ரீகால் இருந்தால் மட்டமான கார், ஒன்றுமில்லை என்றால் நல்ல கார். இது தலைகீழ்ப் படிப்பு. பட்டியலில் இருப்பவை நிறுவனம் ஒப்புக்கொண்டு, காசு வாங்காமல் சரிசெய்து தரக் கடமைப்பட்டவை. வாங்குகிறவருக்கு அதில் நஷ்டமில்லை. ஒப்புக்கொள்ளாதவை அந்தப் பட்டியலில் இருக்காது. அவற்றைத் தேடப் போனால் வேறு இடத்தில் தேட வேண்டும். எங்கே என்றால், அதே நிறுவனம் அடுத்துச் செய்த எஞ்சினில்.

996-இன் பேரிங் வரலாற்றை அப்படிப் படித்துப் பாருங்கள். தொடக்கத்தில் இரட்டை வரிசைப் பேரிங். 2000-ஐ ஒட்டி ஒற்றை வரிசைக்கு மாறினார்கள். 2005 வாக்கில் அதைவிடப் பெரிய பேரிங் வந்தது. 2009 மாடலில் வந்த புது எஞ்சினில் இடைத்தண்டே இல்லை. பதினோரு பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு பாகத்தை மூன்று விதமாக மாற்றிப் பார்த்து, கடைசியில் அதைத் தூக்கியே எறிந்திருக்கிறார்கள். எந்தக் கடிதத்திலும் குறை என்று எழுதவில்லை. வரைபடத்தில் எழுதிவிட்டார்கள். கோர்வேரும் அப்படித்தான். நேடரின் நூல் கடைக்கு வந்தது 1965 நவம்பரில். அதற்கு ஓராண்டுக்கு முன்பே, ஊஞ்சல் அச்சைக் கைவிட்டுப் புதுவகைப் பின்சஸ்பென்ஷனோடு 1965 மாடல் கோர்வேர் விற்பனைக்கு வந்திருந்தது. அதிகாரிகள் நடத்திய சோதனைகள் 1972-இல், பழைய கோர்வேர் அக்காலத்துப் பிற கார்களைவிட மோசமில்லை என்று சொல்லிவிட்டன. தீர்ப்பு ஒருபக்கம் கிடக்கட்டும். செய்தவர்களுக்கு எது சரியில்லை என்று தெரிந்திருந்தது என்பதற்கு 1965-இன் அச்சு போதும்.

புது எஞ்சின் பெற்ற அந்த ஜிடி3-யிலும் இதே இரட்டை வாழ்க்கை உண்டு. போல்ட் பிரச்சினை தீர்ந்த பிறகு, வால்வுகளைத் தள்ளும் விரல் போன்ற சிறு நெம்புகோல்கள் சீக்கிரம் தேய்கின்றன என்று தெரிந்தது. தேய்ந்தால் எஞ்சின் தடுமாறும், சக்தி குறையும், பழுதுச் செலவு மலைக்க வைக்கும். ஆனால் தீ வராது. ஆகவே ரீகால் இல்லை. எஞ்சினுக்கான வாரண்டியை 10 ஆண்டுகள் அல்லது 1,20,000 மைல் என்று சத்தமில்லாமல் நீட்டினார்கள். 2017-இல் வந்த அடுத்த ஜிடி3-யில் ஹைட்ராலிக் அமைப்பை எடுத்துவிட்டு, பந்தயக் கார்களில் உள்ளதுபோல் உறுதியாக நிலைநிறுத்தப்பட்ட வால்வு அமைப்பை வைத்தார்கள். ஒரே எஞ்சினில் ஒரு குறைக்கு உலகச் செய்தி, மற்றொன்றுக்கு வாரண்டிக் காகிதத்தில் ஒரு திருத்தம்.

996-இன் பேரிங்கில் செலவைக் குறைத்ததற்கு ஒரு பின்னணி உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் போர்ஷே கிட்டத்தட்ட மூழ்கும் நிலையில் இருந்தது. வெண்டலின் வீடகிங் தலைமைக்கு வந்து, டொயோட்டாவில் வேலை பார்த்த ஜப்பானியர்களை ஆலோசகர்களாக வரவழைத்து, ஆலையின் உயரமான அலமாரிகளையெல்லாம் வெட்டிக் குறைத்தார் என்று கதை கதையாகச் சொல்வார்கள். 996-உம் மலிவு மாடலான பாக்ஸ்டரும் முன்பாதியைப் பங்குபோட்டுக்கொண்டது அந்தச் சிக்கனத்தில்தான். இரண்டுக்கும் ஒரே முகம், கண்ணாடிக்குள் ஆரஞ்சு வழியும் ஒரே விளக்கு. ரசிகர்கள் அதைப் பொரித்த முட்டை என்று கேலி செய்தார்கள். அந்தச் சிக்கனம் நிறுவனத்தைக் காப்பாற்றியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதே காலத்தில் 996 டர்போவுக்கும் ஜிடி3-க்கும் ஹான்ஸ் மெட்ஸ்கர் பரம்பரையில் வந்த, பந்தயத்தில் அடிபட்டுத் தேறிய பழைய எஞ்சினையே வைத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதில் இடைத்தண்டு புஷ் பேரிங்கில்தான் சுற்றியது. தெரியாமல் செய்தார்கள் என்று வாதாடுபவர்களுக்கு இதற்குப் பதில் சொல்வது கொஞ்சம் கஷ்டம்.

நிறுவனம் பேசாத இடத்தில் பட்டறைக்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த எல்என் எஞ்சினியரிங் என்ற சிறு நிறுவனம், பீங்கான் குண்டு போட்ட மாற்றுப் பேரிங்கைச் செய்து விற்றது. பின்பு, பழைய எஞ்சினில் இருந்ததுபோலவே எண்ணெய் வழி கொடுத்து, புஷ் பேரிங்கையும் கொண்டுவந்தது. கிளட்ச் மாற்றும்போது கியர்பாக்ஸ் எப்படியும் கீழே இறங்கும். ஃப்ளைவீலையும் கழற்றினால் பேரிங்கின் மூடி கண்முன்னே இருக்கும். ஆகவே கிளட்ச்சோடு பேரிங்கையும் மாற்றிவிடுவது 996 வைத்திருப்பவர்களிடையே சம்பிரதாயமாகிவிட்டது. 2005-க்குப் பிறகு வந்த பெரிய பேரிங்கை மட்டும் அப்படி எடுக்க முடியாது. எஞ்சின் உடலின் துளையைவிட அது பெரிது. எடுக்க வேண்டுமானால் எஞ்சினையே இரண்டாகப் பிளக்க வேண்டும். பட்டறைக்காரர்கள் அதற்கும் வழி கண்டார்கள். வெளிப்பக்கச் சீலை மட்டும் கொக்கியால் நெம்பி எடுத்து எறிந்துவிடுவார்கள். மூடி வைத்ததால் வந்த கேடு, திறந்துவிட்டால் எண்ணெய் தானே போய்வரும்.

கார் வாங்குமுன் செய்யும் பரிசோதனையைப் பார்க்க வேண்டும். எண்ணெய் வடிகட்டியைக் கழற்றி, உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தைக் கத்தியால் வெட்டி, மேசை மேல் விசிறிபோல் விரித்து, விளக்கைச் சாய்த்துப் பிடிப்பார்கள். கறுத்த எண்ணெய்க்கு நடுவே மடிப்புகளில் ஏதாவது மின்னுகிறதா என்று பார்ப்பார்கள். மின்னினால் அடுத்து ஒரு காந்தம். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. அது பேரிங்கிலிருந்தோ செயினிலிருந்தோ வந்திருக்கலாம். ஒட்டாமல் பளபளத்தால் அலுமினியம். பழுப்பாகத் துகள் இருந்தால் செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் தேய்கிறது. மணல் அளவுத் தூளை வைத்துக்கொண்டு எஞ்சினின் எந்த அறையில் என்ன நடக்கிறது என்று அரைமணி நேரம் வாதிடுவார்கள். இவ்வளவு கூர்மையான கவனம் எந்த அரசு அலுவலகத்திலும் இந்தக் காருக்குக் கிடைத்ததில்லை.

பட்டறைக்காரர்கள் சொல்லும் இன்னொரு விஷயம் பழைய கார் வாங்குவோரின் பாலபாடத்தையே புரட்டிப் போடுகிறது. குறைந்த தூரம் ஓடிய, போர்வை போர்த்தி வைத்திருந்த கார்தான் இதில் அதிகம் பயப்பட வேண்டியது என்கிறார்கள். எப்போதாவது எடுத்து, எஞ்சின் சூடாகுமுன்பே அணைத்து, எண்ணெயை ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் வைத்தால் எண்ணெயில் ஈரமும் பெட்ரோலும் சேர்ந்து சீலைத் தின்றுவிடுமாம். தினமும் அலுவலகத்துக்கு ஓட்டிப்போய், லட்சம் மைலைத் தாண்டிய காரில் பேரிங் நன்றாக இருக்கிறதாம். இது அனுபவத்தில் பேசுவது, ஆய்வில் நிறுவியது அல்ல. பிழைத்த கார்கள்தானே லட்சம் மைல் ஓடியிருக்கும் என்று குறுக்குக் கேள்வி கேட்கலாம். கேட்டாலும், ஓடாமல் நின்ற வண்டி கெடும் என்பதை நம் ஊர் மெக்கானிக்கும் மறுக்கமாட்டார்.

பேரிங்கின் புகழே ஒரு தொல்லையாகவும் ஆனது. பேரிங் மாற்றியாகிவிட்டது, ரசீது இருக்கிறது என்றதும் வாங்குகிறவர் நிம்மதியாகிவிடுகிறார். அதே குடும்பத்து எஞ்சின்களில் சிலிண்டர் சுவர் கீறிப்போகும் நோயும் உண்டு. இப்போது விவரம் தெரிந்தவர்கள் அதற்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். ஒரு பக்கத்துப் புகைக்குழாயில் மட்டும் கரி அதிகமாகப் படிந்திருக்கிறதா, எஞ்சினில் டக் டக் என்று தட்டும் சத்தம் கேட்கிறதா என்று பார்த்து, சந்தேகம் வந்தால் கேமரா குழாயை உள்ளே விட்டுச் சுவரைப் பார்க்க வேண்டும். பேர் பெற்ற நோய்க்கு மருந்து கொடுத்துவிட்டு, பேர் பெறாத நோயோடு வீட்டுக்கு ஓட்டிப் போகிறவர்கள் நிறையப் பேர்.

இத்தனைக்கும் நடுவே இந்தப் பேரிங் ஒரு நன்மையும் செய்திருக்கிறது. பயத்தால் 996-இன் விலை நெடுங்காலம் படுத்தே கிடந்தது. பள்ளி ஆசிரியரும் பிளம்பரும் 911 வாங்க முடிந்த காலம் அது. குறை இல்லாதிருந்தால் அவர்கள் கைக்கு அது எட்டியிருக்காது. நோயும் மருந்தும் ஊரறிந்த பிறகு இப்போது விலை ஏறத் தொடங்கிவிட்டது. விற்பனை விளம்பரத்தில் பேரிங் மாற்றியது கொட்டை எழுத்தில் வருகிறது.

ரீகால் சில நேரம் அழகையும் தொட்டுவிடும். ஆடி டிடி 1998-இல் வந்தபோது முன்னும் பின்னும் தெரியாமல் வழுவழுவென்று உருண்டிருந்தது. ஜெர்மனியின் வேகக் கட்டுப்பாடு இல்லாத ஆட்டோபானில் அதிவேகத்தில் திரும்பும்போது பின்பக்கம் லேசாகித் தடுமாறி, உயிர்ப்பலிகள் ஆயின. 1999-இல் திரும்ப அழைத்து, பின்னால் சிறு ஸ்பாய்லரும் மின்னணு நிலைப்புக் கருவியும் பொருத்தினார்கள். அந்தச் சிறு உதடு வடிவத்தைக் கெடுத்துவிட்டது என்று முணுமுணுப்பவர்கள் இன்றும் உண்டு. ஸ்பாய்லர் இல்லாத முதல் கார்களைத் தேடித் திரிபவர்களும் உண்டு. ஆபத்தான நிலையிலேயே அதை வைத்துக்கொள்ளப் பிரியப்படுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஆனால் புரிகிறது.

புரியாதது டகாட்டா விஷயத்தில் நடந்தது. டகாட்டா என்ற நிறுவனம் செய்த ஏர்பேக் ஊதுகருவிகளில் அம்மோனியம் நைட்ரேட் இருந்தது. ஈரமும் வெப்பமும் மாறி மாறித் தாக்கத் தாக்க அந்த வேதிப்பொருள் மாத்திரை உருக்குலையும். விபத்தில் வெடிக்கும்போது வேண்டியதைவிட வேகமாக எரிந்து, உலோக உறையைச் சிதறடித்து, காப்பாற்ற வேண்டியவரின் கழுத்தில் பாயும். அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 கோடியே 70 லட்சம் ஊதுகருவிகள் ரீகால் வரம்புக்குள் வந்தன. மாஸ்டா ஆர்எக்ஸ்-8-இலிருந்து ஃபெராரி 458 வரை விளையாட்டுக் கார்களும் அதில் இருந்தன. இந்தக் குறை, கார் பழசாகப் பழசாக வளர்வது. புதிதில் ஒன்றும் இல்லை. பத்தாவது ஆண்டில், மூன்றாவது உரிமையாளர் கையில், ஃப்ளோரிடாவின் வெக்கையில் அது முற்றுகிறது. வெக்கையும் புழுக்கமும் ஆண்டு முழுக்க இருக்கும் மலேசியாவிலும் இதனால் உயிர்கள் போயின. 2001 முதல் 2003 வரையிலான சில ஹோண்டா, அக்யூரா கார்களில் விபத்தின்போது ஊதுகருவி சிதறும் வாய்ப்பு 50 சதவீதம் வரை போகலாம் என்று 2016-இல் அமெரிக்க அதிகாரிகள் எச்சரித்தார்கள். டகாட்டா 2017-இல் திவாலானது.

ரீகால் கடிதம் பதிவேட்டில் உள்ள முகவரிக்குப் போகும். கார் நாலு கை மாறியிருந்தால் கடிதம் எங்கே போய்ச் சேரும் என்பது தபால்காரருக்கே வெளிச்சம். 2014 முதல் அமெரிக்காவில் காரின் 17 எழுத்து அடையாள எண்ணைத் தட்டினால் சரிசெய்யப்படாத ரீகால்கள் தெரியும். வாரண்டி நீட்டிப்போ பேரிங்கோ அதில் தெரியாது. காசில்லாமல் சரிசெய்து தரும் சட்டக் கட்டாயமும் முதல் விற்பனையிலிருந்து 15 ஆண்டுகளுக்குத்தான். 2015 வரை அது 10 ஆக இருந்தது. சாதாரணக் கார் அதற்குள் காயலான் கடைக்குப் போயிருக்கும். விளையாட்டுக் கார் போகாது. யாராவது ஒருவர் அதை வைத்துக் கொஞ்சிக்கொண்டேயிருப்பார். ஆர்எக்ஸ்-8 போன்றவை ரசிகர்களின் சேகரிப்புப் பொருளாகும் வயதில்தான் சட்டத்தின் கை அவற்றை விடுகிறது.

இதைவிட மோசமாக எனக்குப் படுவது வேறு. அமெரிக்காவில் ரீகால் நிலுவையில் உள்ள புதுக் காரை டீலர் விற்கக் கூடாது. அதே ரீகால் நிலுவையில் உள்ள பழைய காரை விற்கலாம். மத்தியச் சட்டம் தடுப்பதில்லை. வாடகைக் காருக்கும் முன்பு தடையில்லைதான். 2004-இல் கலிபோர்னியாவில் ரேச்சல், ஜாக்குலின் ஹவுக் என்ற சகோதரிகள் வாடகைக்கு எடுத்த பிடி குரூசர், பவர் ஸ்டீயரிங் எண்ணெய் கசிந்து தீப்பிடிக்கலாம் என்று ஏற்கெனவே ரீகால் செய்யப்பட்டிருந்தது. சரிசெய்யாமலே வாடகைக்கு விட்டிருந்தார்கள். இருவரும் இறந்தார்கள். அவர்கள் பெயரால் வந்த சட்டம், 35 அல்லது அதற்கு மேல் கார் வைத்திருக்கும் வாடகை நிறுவனங்கள் ரீகால் ஆன காரைச் சரிசெய்யாமல் வெளியே விடக் கூடாது என்று 2016-இல் நடைமுறைக்கு வந்தது. பெற்ற தாய் பத்தாண்டுக்கு மேல் போராடித்தான் அது வந்தது. பழைய கார் டீலர்களை அதில் சேர்க்கவில்லை.

டீலர்கள் சொல்லும் சமாதானம் தெரிந்ததுதான்: மாற்றுப் பாகம் வரவே பல மாதம் ஆகிறது, அதுவரை காரை நிறுத்திவைத்தால் விலை விழும், கடன் வட்டி ஏறும். டகாட்டா சமயத்தில் பாகத் தட்டுப்பாடு உண்மையாகவே கடுமையாக இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் அதே தட்டுப்பாட்டில், அதே கார்களைக் கொட்டகையில் நிறுத்தி வைத்துவிட்டுத்தான் வாடகை நிறுவனங்கள் 2016 முதல் தொழில் நடத்துகின்றன. அதனால் ஒன்றும் மூழ்கிவிடவில்லை.